படகின் பின்பலகையில் சொன்ன பொய்

என் நண்பரின் தூண்டில் நரம்பில் ஒரு வெட்டு இருந்தது. என் கட்டைவிரல் நகம் அதைத் தெளிவாக உணர்ந்தது. அவர் என்னை நம்பிக் கேட்டார். "சரியா இருக்கு அண்ணாச்சி" என்று சொன்னேன். அடுத்த வீச்சில், அவர் வாழ்நாளிலேயே தொட்ட பெரிய மீன் அந்த இடத்தில் அறுத்துக்கொண்டு போனது. இது முதல் பொய். ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று சொன்னேன். அது இதைவிட மோசம்.

எனக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கரமனை அக்ரகாரத்து வீட்டில் வாசம். மீன் சாப்பிடுவதில்லை, வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. அப்படிப்பட்டவன் எப்படித் தூண்டிலோடு பூவாற்றில் ஆறு கடலில் கலக்கும் பொழிமுகத்துக்குப் போனான் என்று எல்லோரும் கேட்பார்கள். ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள் கரமனை ஆற்றங்கரையில் ஒருவர் தூண்டில் ராடை வீசுவதைப் பார்த்தேன். நரம்பு காற்றில் வளைந்து போய், நுனியில் இரையாகக் கட்டிய பொய்மீன் ஒரு மரக்கிளைக்கு அடியில் சத்தமே இல்லாமல் இறங்கியது. முப்பது வருடம் கரும்பலகையில் நான் வரைந்த எறிபொருள் பாதை அது. அதை ஒருவர் கையால் வரைந்துகொண்டிருந்தார். அவ்வளவுதான், விழுந்துவிட்டேன்.

பிடித்த மீனை நான் விட்டுவிடுவேன், அல்லது உடன் வந்தவருக்குக் கொடுத்துவிடுவேன். என் மனைவிக்கு இதில் இரண்டு வழியும் பிடிக்கவில்லை. "பிடிச்சுட்டு விடறதுன்னா போகாமலே இருக்கலாமே? அந்தக் கையோட உள்ள வராதேள், கொல்லப்பக்கமாப் போய் குளிச்சுட்டு வாங்கோ" என்பாள். பதினெட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டுக்குள் நுழைவது கொல்லை வழியாகத்தான்.

அந்த ஆற்றங்கரை மனிதர்தான் அண்ணாச்சி. நாகர்கோவில் பக்கத்துக்காரர், பழவங்காடியில் பாத்திரக்கடை. என்னைவிட நாலு வயது இளையவர் என்றாலும் எனக்கு அவர் அண்ணாச்சி, அவருக்கு நான் சாமி. பூவாற்றில் அவருக்கு ஒரு சிறிய ஃபைபர் படகு உண்டு. முன்பக்கத்தில் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார். அதைக் காலால் திருப்பிக்கொண்டே முன்னால் நிற்பவர் அண்ணாச்சி. பின்பலகையில் உட்கார்ந்திருப்பவன் நான்.

அமெரிக்காவில் பாஸ் என்ற மீனுக்குப் படகுப் போட்டிகள் நடக்கின்றன. அதில் பின்னால் இருப்பவருக்கு ஒரு பெயரே உண்டு, கோ-ஆங்ளர். இதை ஒருமுறை போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டு பெருமையாக அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"அப்படின்னா என்ன?"

"துணைத் தூண்டில்காரர்னு வெச்சுக்கோங்க."

"இங்கே அதுக்கு வேற பேரு. எச்சி தின்னுதவன்" என்றார்.

கேலி என்றாலும் உண்மை. முன்னால் இருப்பவர்தான் படகை எங்கே கொண்டுபோவது என்று தீர்மானிப்பார். ஒவ்வொரு மரநிழலிலும் முதல் வீச்சு அவருடையது. பின்னால் இருப்பவனுக்குக் கிடைப்பது ஏற்கெனவே ஒருவர் கலக்கிவிட்ட தண்ணீர். பூவாற்றில் நாங்கள் தேடிப்போவது கொடுவா. மலையாளத்தில் காளாஞ்சி என்பார்கள். அதுவும் பாஸ் இனத்துக்கு உறவுதான் என்று படித்திருக்கிறேன். வேர்களின் இடுக்கில், தூண்களின் நிழலில் ஒளிந்திருந்து ஒரே பாய்ச்சலில் இரையை உறிஞ்சும். பசியுள்ள மீன் முதல் பொய்மீனிலேயே பாய்ந்துவிடும். எனக்கு மிஞ்சுவது சந்தேகப்படுகிற மீன்.

ஆகவே பின்பலகைக்காரன் ராடு தேர்ந்தெடுப்பது என்பது தனிக் கலை. அதை நான் தப்புத் தப்பாகச் செய்துதான் கற்றேன். முதலில் எட்டடி ராடு ஒன்று வாங்கினேன். நீளமானால் தூரம் போகும், நெம்புகோல் தத்துவம், இது என் வாதம். முதல் நாளே நான் வீசிய பொய்மீன் அண்ணாச்சியின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "சாமி, மீனு தண்ணியிலதான் கெடக்கு. எந் தலையில இல்ல."

அடுத்த வாரம் மறுபடியும் தொப்பி. "வே, இந்தத் தொப்பிய ஒமக்கே தந்துருதேன். தூண்டில மட்டும் மாத்தும்."

எட்டடி போய் ஆறரை அடி வந்தது. பின்னால் உட்கார்ந்துகொண்டே, மணிக்கட்டால் பக்கவாட்டில் வீசலாம். தண்ணீரின் மேல் சாய்ந்த தென்னைக்கு அடியில் பொய்மீனைத் தவழவிடலாம். அப்புறம் ரீல். அண்ணாச்சி வைத்திருந்தது ராடின் மேலே உட்காரும் உருளை ரீல். கட்டைவிரலால் உருளையை அடக்கி, நினைத்த இடத்தில் நிறுத்தலாம். எனக்கும் அதே வேண்டும் என்று வாங்கினேன். என் கட்டைவிரல் எப்போதும் ஒரு நொடி தாமதம். பொய்மீன் நின்றுவிடும், உருளை சுற்றிக்கொண்டே இருக்கும், நரம்பு மொத்தமும் குருவிக்கூடு. ஒரு ஞாயிறு முழுக்க நான் மீன் பிடிக்கவில்லை, சிக்கு எடுத்தேன். அண்ணாச்சி ஏழு மீன் பிடித்தார். "சாமி, வீட்டுல மாமிக்கு ஸ்வெட்டர் பின்னுதீரோ?" என்று மட்டும் கேட்டார்.

பின்பலகைக்கு ஏற்றது ராடின் அடியில் தொங்கும் ஸ்பின்னிங் ரீல்தான் என்று பிறகு புரிந்தது. பின்னால் இருப்பவன் முன்னவர் போடும் அதே பொய்மீனைப் போட்டால் அது ஒரே கேள்வியை மீனிடம் இரண்டாம் தடவை கேட்பது மாதிரி. அவர் மேல்மட்டத்தில் வேகமாக இழுத்தால் நான் கீழே மெதுவாகத் தவழவிட வேண்டும். அதற்கு எடை குறைந்த ரப்பர் மீன் வேண்டும். எடை குறைந்ததை உருளை ரீலில் வீச முடியாது, ஸ்பின்னிங்கில் முடியும். ராடின் நுனி மென்மையாக இருக்க வேண்டும், மெதுவாக உறிஞ்சும் மீனும் கைக்குத் தெரிய வேண்டும். நடுப்பகுதி உறுதியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மீன் வேருக்குள் புகுந்துவிடும். இரண்டு ராடுக்கு மேல் கொண்டுவரக் கூடாது. பின்னால் பேட்டரிப் பெட்டி, குடை, என் தயிர்சாத டப்பா எல்லாம் போக இடமிருக்காது. இவ்வளவையும் முடிவுசெய்ய எனக்கு ஐந்து வருடமும் பதினொரு ராடும் ஆயிற்று. மிச்ச ஒன்பது ராடும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. மனைவி அவற்றில் ஒன்றை ஒட்டடைக் குச்சியாக்கிவிட்டாள். எட்டடி ராடு அதற்குத்தான் லாயக்கு.

எங்கள் படகில் ஒரு வழக்கம் இருந்தது. நரம்பின் கடைசியில் இரண்டு முழத்துக்கு லீடர் என்று ஒரு தடித்த நரம்பைக் கட்டுவோம். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி. அது தலையை உதறும்போது மெல்லிய நரம்பு தாங்காது. தூணிலோ சிப்பியிலோ உரசினால் லீடரில் கீறல் விழும். அதனால் எங்காவது மாட்டி எடுத்தால், உடனே நகத்தை வைத்து நீளவாக்கில் தடவிப் பார்க்க வேண்டும். முன்னவருக்குக் கையும் காலும் மோட்டாரோடு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், இரண்டு பேருடைய லீடரையும் பார்ப்பது பின்பலகைக்காரன் பொறுப்பு. தவிர, அண்ணாச்சிக்குக் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. கையில் லேசாக நடுக்கமும் ஆரம்பித்திருந்தது. முடிச்சை அவரேதான் போடுவார், கண்ணால் பார்க்காமல் விரலின் பழக்கத்தால். பார்த்துச் சொல்வது மட்டும் என் வேலை.

எங்கள் தூண்டில்காரர் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். வருடத்துக்கு ஒருமுறை ஒரு போட்டி. நீளமான கொடுவாவுக்குப் பரிசு, அண்ணாச்சி கடைக் குத்துவிளக்கு. பெரும்பாலும் அண்ணாச்சியே ஜெயித்து, அவர் கொடுத்த விளக்கை அவரே வீட்டுக்குக் கொண்டுபோவார். நான் பொய் சொன்ன அந்த வருடம் எனக்கு அந்த விளக்கின் மேல் ஒரு கண். பொழிக்குச் சற்று உள்ளே, இடிந்துபோன ஒரு பழைய படகுத்துறை இருந்தது. அதன் தூண்களுக்கிடையில் பெரிய மீன் ஒன்று இரை எடுக்கும் 'டப்' என்ற சத்தத்தை இரண்டு வாரமாகக் கேட்டிருந்தேன். கண்டுபிடித்தவன் நான். "அந்த இடத்துல மட்டும் முதல் வீச்சு எனக்கு, அண்ணாச்சி" என்று கேட்டு வைத்திருந்தேன். "ஆகட்டும் சாமி, ஒம்ம இடம்" என்று அவரும் சொல்லியிருந்தார்.

போட்டியன்று காலையில் பூவாறு டீக்கடையில் எல்லோரும் கூடினோம். கூட்டத்தில் ஒரு மலையாளி நண்பர், தாடிக்காரர், "சாமி இந்த வட்டம் எந்த ராடு?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, "சாமிக்கு எதுக்கு ராடு? புறகில இருந்து ஜெபிச்சா மதி" என்றார், பின்னால் உட்கார்ந்து ஜெபித்தால் போதுமாம். கடையே சிரித்தது. அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே சேர்த்துக்கொண்டார்: "சாமிக்கு வார மீன் எல்லாம் நான் வேண்டாம்னு விட்ட மீனாக்கும்."

நானும் சிரித்தேன். ஆனால் பல வருடச் சிரிப்பு அன்றைக்கு உள்ளே எங்கோ புளித்துவிட்டது.

படகுத்துறைக்கு வந்தோம். நான் ரப்பர் மீனைச் சரிபார்த்துக்கொண்டு எழுந்திருப்பதற்குள் அண்ணாச்சி வீசிவிட்டார். "அடடே, பழக்கதோஷம் சாமி, மன்னிச்சிரும்" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். உண்மையிலேயே பழக்கதோஷம்தான். இன்று எனக்கு அது தெரிகிறது. அவருடைய பொய்மீன் தூணில் ஒட்டியிருந்த சிப்பிகளில் மாட்டியது. இழுத்து விடுவித்து, ராடை என் பக்கம் நீட்டினார். "லீடரப் பாத்துச் சொல்லும்."

தடவினேன். பொய்மீனுக்கு ஒரு சாண் மேலே நகம் தடுக்கியது. ஆழமான வெட்டு. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்ட வேண்டிய லீடர். கட்ட அவருக்கு மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடம் எனக்குப் போதுமாக இருந்திருக்கும். நேர்மையாகவே சொல்லியிருந்தால்கூட அடுத்த வீச்சு எனக்குத்தான் கிடைத்திருக்கும். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. கோபம் மனிதனை முட்டாளாக்கும் வேகம் அப்படி. அவர் தோற்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

"சரியா இருக்கு அண்ணாச்சி."

அவர் வீசினார். டப். ராடு வில்லாக வளைந்தது. மீன் தூணுக்கு வெளியே முழு உடலோடு எழும்பி, செவுளை விரித்துத் தலையை உதறியது. நான் பார்த்த கொடுவாக்களில் அதுதான் பெரியது. அண்ணாச்சி "அம்மோ!" என்று கத்தினார், ஒரு குழந்தையின் சத்தம். அப்புறம் ராடு நேராக நிமிர்ந்துவிட்டது.

அண்ணாச்சி வெறும் நரம்பைச் சுற்றி எடுத்தார். பிறகு நரம்பின் நுனியை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். தெரியவில்லை. என்னிடம் நீட்டினார். "முடிச்சு அவுந்துட்டோ சாமி?"

முடிச்சு அவிழ்ந்தால் நுனி சுருள் சுருளாக இருக்கும். இது பிசிறு பிசிறாக இருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை. நான் மாட்டிக்கொள்வேனோ என்ற பயத்தில் சொன்னேன்: "முடிச்சுதான் போலிருக்கு."

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பம் கை போயிட்டு" என்றார்.

அதோடு அண்ணாச்சி தூண்டிலை வைத்துவிட்டார். படகை விற்கவில்லை. "சாமி இனி முன்னால நிக்கட்டும்" என்று சாவியை என்னிடமே கொடுத்தார். இரண்டு வருடம் நான் முன்னால் நின்றேன். எனக்கு முதல் வீச்சு, எனக்கு மோட்டார், ஒருமுறை எனக்குக் குத்துவிளக்குகூட. பின்னால் உட்கார என் மச்சினரைக் கூட்டிப்போனேன். அவர் தண்ணீரைப் பார்த்த நேரத்தைவிடப் போனைப் பார்த்த நேரம் அதிகம். லீடரைப் பார்க்கச் சொன்னால், "அழகா இருக்கே" என்பார். பின்பலகையில் ஒரு நல்ல கை இல்லாத படகு எவ்வளவு வெறுமை என்று அப்போது தெரிந்தது.

ஆனால் என்னை உலுக்கியது வேறு. ஒரு நாள் பேத்தியின் சீருக்குப் பாத்திரம் வாங்க அவர் கடைக்குப் போனேன். அண்டாவையும் தவலையையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துச் சணல் கயிற்றால் கட்டுவது அண்ணாச்சியின் தனி வேலைப்பாடு. தம்பானூரில் பஸ்ஸின் மேல் தூக்கிப் போட்டாலும் கட்டு அசையாது. அன்றைக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி மகனைக் கூப்பிட்டு, "நீ கெட்டு. நான் கெட்டுனா வழியில அவுந்து போவும்" என்றார். மகன் என் காதருகில், "ஸ்கூட்டர்கூட எடுக்கறதில்ல சாமி. கை நிக்காதுன்னு சொல்லுதாரு. டாக்டரு ஒண்ணும் இல்லங்காரு" என்றான்.

ஒரு மீனை மட்டுமல்ல, ஒரு மனிதரின் கையையே நான் பறித்திருந்தேன். அதற்கு மேலும் பத்து நாள் ஆயிற்று எனக்கு, வாயைத் திறக்க.

மதியம் கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். முன்னுரை எதுவும் வைக்கவில்லை. "அண்ணாச்சி, அன்னிக்கு முடிச்சு அவிழல. லீடர் வெட்டுப்பட்டிருந்தது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சரியா இருக்குன்னு சொன்னேன். அப்புறம் முடிச்சுன்னும் நான்தான் பொய் சொன்னேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்தது வசவு. அவர் கேட்டதோ, "அப்பம் முடிச்சு நின்னுதா?"

"நின்னுது. முடிச்சுக்கு ஒரு சாண் மேலதான் அறுந்தது."

"சத்தியமா?"

"சத்தியமா."

எழுந்து போய்ச் சணலை எடுத்தார். பக்கத்தில் இருந்த ஒரு தவலையின் கழுத்தில் சுற்றி, முடிச்சுப் போட்டு, அதைப் பிடித்தே தவலையைத் தூக்கினார். ஆட்டினார். இன்னும் இரண்டு தவலை கட்டித் தூக்கினார். முகம் முழுக்கச் சிரிப்பு. "நின்னுதுல்லா! எனக்கு அப்பமே ஒரு சம்சயம் உண்டு, கேட்டீரா" என்றார். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்தேன். அப்போதுதான் அவருக்கு மீதி விஷயம் உறைத்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது.

"ரெண்டு வருசம். ரெண்டு வருசம் எம் படகுல, எம் எடத்துல நின்னு மீன் பிடிச்சீரே. எத்தன பிள்ளேளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்த வாத்தியாரு நீரு? எறங்கும். கடைய விட்டு எறங்கும் முதல்ல."

இறங்கினேன். படகின் சாவியை அவர் மகனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு பூவாறு டீக்கடையில் எங்கள் கூட்டத்தின் முன்னாலும் அதையே சொன்னேன். தாடிக்காரர் மட்டும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அதில் தவறொன்றும் இல்லை.

சொன்னால் மட்டும் போதாது என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். அண்ணாச்சிக்காக ஒரு ராடும் ரீலும் சேர்த்தேன். நின்றுகொண்டு மோட்டாரை மிதிக்க இனி அவரால் முடியுமா தெரியாது என்பதால், பின்பலகையில் உட்கார்ந்து வீசுவதற்கு ஏற்ற ஆறரை அடி. கைப்பிடி சற்று நீளமானது, முழங்கைக்கு அடியில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் நுனிக்குப் போகாது. எடை குறைந்த ஸ்பின்னிங் ரீல். புரைக் கண்ணுக்குத் தெரியும்படி எலுமிச்சை மஞ்சளில் நரம்பு. பொய்மீனை மாற்றும்போது ஒவ்வொரு தடவையும் முடிச்சுப் போடும் சிரமம் வேண்டாமென்று நுனியில் ஒரு கிளிப். எல்லாவற்றையும் கடையில் மகனிடம் ஒப்படைத்துவிட்டு, அண்ணாச்சி தலையைத் தூக்குவதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து மகன் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தான். உள்ளே கிளிப் மட்டும் இருந்தது. "அப்பா சொல்லச் சொன்னாரு. முடிச்சுப் போட அவருக்குத் தெரியுமாம். இத மாமிக்குத் தலையில குத்தக் குடுக்கணுமாம்."

அவருடைய கையைக் கெடுத்த நானே, பரிகாரத்திலும் அந்தக் கையை நம்பாமல் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் ராடு திரும்பி வரவில்லை. அதைக் கவனித்தபோது சந்தோஷமாகவும் இருந்தது.

மழைக்காலம் முடிந்ததும் அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது. ஞாயிறு காலை ஐந்தரைக்கு வர வேண்டுமாம், படகு எடுக்க வேண்டுமாம். போனேன். அண்ணாச்சி எனக்கு முன்பே பின்பலகையில் உட்கார்ந்திருந்தார், மடியில் மஞ்சள் நரம்பு போட்ட ராடு. கண் அறுவை ஆகிக் கறுப்புக் கண்ணாடி. "நீங்க முன்னால வாங்க அண்ணாச்சி, நான் பின்னால இருக்கேன்" என்றேன்.

"வேண்டாம். முன்னால நீரே நில்லும். இனி ஒம்ம முதுகு என் கண்ணுக்கு முன்னால இருக்கணும்."

இப்போது இரண்டு வருடமாக அப்படித்தான் போகிறோம். லீடர்களைப் பார்ப்பது அவர் பொறுப்பு. என் லீடரை அவசரப்படாமல் தடவிப் பார்த்துச் சரி என்பார். தன்னுடையதை என்னிடம் நீட்டுவதே இல்லை. மன்னித்தேன் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. புதிதாக யார் படகில் ஏறினாலும், நான் பக்கத்தில் இருக்கும்போதே கதை முழுவதையும் சொல்வார். நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பின்பலகையிலிருந்து அவர் பிடிக்கிற மீன்கள் நான் முன்னால் நின்று பிடிப்பவற்றைவிட அதிகம். எனக்கு ஐந்து வருடம் பிடித்த பாடம் அவருக்கு மூன்று ஞாயிற்றில் வந்துவிட்டது.

போன மாதம் வேருக்குள்ளிருந்து நல்ல கொடுவா ஒன்று அவருடைய ரப்பர் மீனை எடுத்தது. இழுத்தார். படகுக்கு இரண்டு முழம் தூரத்தில் அது ஒரு சொடுக்குச் சொடுக்கிக் கழன்றுகொண்டு போய்விட்டது. என் முதுகு அப்படியே இறுகியது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. பின்னாலிருந்து குரல் வந்தது, பொழி முழுக்கக் கேட்கும்படி:

"ஓய் சாமி! இது நான் விட்ட மீனு. ஒமக்கு இதுல பங்கு கெடையாது. மோட்டாரத் திருப்பும்."

திருப்பினேன்.